அப்பச்சி சிரம்பான்ல இருக்காக

காஜா பெராங், மலாக்கா
18-4-1943

உடன்பிறந்த தம்பி சொக்கப்பனுக்கு ஆச்சி அன்னம் ஆசீர்வதித்து எழுதுவது.

நான், உன் அயித்தான், குட்டி மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். நீ தனிக்கட்டை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகத்தைத்தான் தின்கிறாயா என்று எழுது. இதைத் தபாலில் போடவில்லை. தபாலில் போட்டால் ஜப்பான்காரன் பிரித்துப் படிப்பான், வருஷத்தை வேறு அவன் கணக்குப்படி 2603 என்று போடச் சொல்வான். உப்பு லாரி ஓட்டுகிற யாழ்ப்பாணத்துப் பொன்னுதுரை சிரம்பானுக்கு வந்து போகிறவர். கையோடு கொண்டுவந்து தருகிறேன் என்றார். அதனால் மனசில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மனசில் இருப்பது ஒன்றுதான். உன் மருமகள் என்னைக் கொல்லாமல் கொல்கிறாள்.

நாலு வயது முடிந்து சில மாதம்தான் ஆகிறது. கண் விழித்ததிலிருந்து "ஏன்? ஏன்?" மழை ஏன் அழுகிறது, சந்திரன் ஏன் நம்ம பின்னாலேயே வருது, கல்லுக்கு ஏன் பசிக்காது. பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கு ஒரு ஏன். சொல்லாவிட்டால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் வருகிறாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. ஜாலான் பெண்டஹாராவில் உன் அயித்தான் வேலை பார்த்த துணிக்கடையைப் பூட்டிவிட்டார்கள். வேலை இல்லாத ஆண்பிள்ளை கண்ணில் பட்டால் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறான் ஜப்பான்காரன். போனவர்களிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. அதனால் உன் அயித்தான் பகல் முழுக்கப் பரணில்தான், விறகுக்கும் பழைய பாய்க்கும் நடுவில். இருட்டினால் இறங்குவார்கள். யார் கேட்டாலும் இந்தியாவுக்குப் போனவர் கப்பல் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார் என்று சொல்கிறேன். அரிசிச் சீட்டையும் என் பெயருக்கு மாற்றியாயிற்று.

உன் அயித்தான் பெயரை நான் வாயால் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் குட்டியை முன்னால் தள்ளிவிடுவேன். அவள் குரலெடுத்து "சோலையப்பன்!" என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். குட்டி பெயரையும் நான் சொல்லமுடியாது, அது என் மாமியார் பெயர். அதனால் இந்த வீட்டில் யார் பெயரைக் கேட்டாலும் சொல்வது அவள் உத்தியோகம். பேச்சு வந்த நாளாக அதைப் பெருமையாகச் செய்துவருகிறாள். அதுதான் இப்போது வினையாக வந்திருக்கிறது.

முந்தாநாள் பக்கத்து வீட்டுப் பீவி வந்து சும்மா விளையாட்டுக்கு, "ஏம்புள்ள, ஒங்கத்தா எங்கே?" என்று உன் அயித்தானைப் பற்றிக் கேட்டாள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பச்சி இந்தியாவுல இருக்காக. அப்பிடிச் சொல்லணும்னு அப்பச்சிதான் பரண்லேருந்து சொன்னாக!"

பீவி நல்லவள். "அல்லாவே, என் காது செவிடு" என்று எழுந்து போய்விட்டாள். எல்லோருக்கும் காது செவிடாக இருக்குமா? நீ பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை மேய்க்கிறவன். இவள் வாயை எப்படிக் கட்டுவது என்று உடனே எழுது. உன் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்பதையும் எழுது.

உன் ஆச்சி,
அன்னம்

*

சிரம்பான்
3-5-1943

அன்புள்ள ஆச்சிக்கு, சொக்கப்பன் வணங்கி எழுதுவது.

நான் சௌக்கியம். புத்தகத்தை நான் தின்னவில்லை, கறையான்தான் தின்கிறது. அயித்தானுக்கு முதுகு வலிக்காமல் இருக்கப் பரணில் சாக்கு விரித்துக் கொடுங்கள்.

ஆச்சி, குட்டியை அடித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். தயவுசெய்து அடிக்காதீர்கள், பயன் இல்லை. சின்ன வகுப்பில் வருஷக்கணக்காக நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளின் புத்தி படிப்படியாகத்தான் ஏறுகிறது. ஒரு படியில் நிற்கிற பிள்ளைக்கு அடுத்த படி கண்ணிலேயே படாது. கைப்பிள்ளைக்குப் பொருள் கண்ணை விட்டு மறைந்தால் அது இல்லாமலே போய்விட்டது என்று அர்த்தம். துண்டால் முகத்தை மூடித் திறந்தால் அப்படிச் சிரிக்கிறதே, அதனால்தான். இரண்டு வயதில் எதற்கெடுத்தாலும் "நானே, நானே". குட்டி இப்போது நிற்கிற படியில், தன் தலைக்குள் இருப்பது எல்லோர் தலைக்குள்ளும் இருக்கிறது என்றுதான் நினைப்பாள். பரணில் அப்பச்சி இருப்பது அவளுக்குத் தெரியும். ஆகவே பீவிக்கும் தெரியும், ஜப்பான்காரனுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு மறைக்கவேண்டும் என்பது அவள் நியாயம். அவள் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை ஆச்சி.

நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அகலக் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக் காட்டுங்கள். அவள் கண் முன்னாலேயே அதை ஒடுக்கமான தம்ளரில் மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேளுங்கள். தம்ளரில்தான் என்பாள். ஏழு வயது வாக்கில் தானாகவே தெளிந்துவிடும். பொய் சொல்லவும் அதற்குள் கற்றுக்கொள்வாள். கொஞ்சம் பொறுங்கள்.

தங்கள் தம்பி,
சொக்கப்பன்

*

காஜா பெராங்
17-5-1943

தம்பிக்கு ஆச்சி எழுதுவது. எல்லோரும் இருக்கிறோம். உன் அயித்தானுக்கு விறகுத் தூசியில் இருமல். இருமல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்கிறார்கள்.

பொறுக்கவேண்டுமா? ஏழு வயது வரைக்குமா? அதுவரை ஜப்பான்காரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பானா? பிள்ளை பெறாதவனிடம் பிள்ளை வளர்க்க யோசனை கேட்டேனே, என்னைச் சொல்லவேண்டும்.

கஞ்சிச் சோதனை நீ சொன்னபடியேதான் ஆயிற்று. தம்ளரைப் பார்த்து, "இதுலதான் நெறய" என்று குதித்தாள். உன் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. இப்போது தினமும் தம்ளரில்தான் ஊற்றுகிறேன். மரவள்ளிக்கிழங்கையும் ஒன்றை நாலாக நறுக்கிவிடுகிறேன், நாலு கிழங்கு தின்ற திருப்தியோடு படுக்கிறாள். அந்தப் பக்கம் திரும்பி நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பொய் மட்டும் வரமாட்டேன் என்கிறது. போன வாரம் வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டு இல்லை என்றாள், வாயெல்லாம் வெல்லம். பொய் சொன்னதற்காக ஒன்று வைத்தேன். மறுநாள் "அப்பச்சி எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன். "பரண்ல" என்றாள். அதற்கும் ஒன்று வைத்தேன். விம்மிக்கொண்டே கேட்கிறாள்: "பொய் சொன்னாலும் அடிக்கிறீக, மெய் சொன்னாலும் அடிக்கிறீக. நான் என்னதான் ஆத்தா சொல்றது?" நீ இதற்குப் பதில் சொல்லு, வாத்தியாரே.

விளையாட்டில்லை தம்பி. நம் தெருக்கோடியில் ஒரு வீட்டில் இதே மாதிரிதான், வீட்டுக்காரர் இந்தியாவில் இருக்கிறார் என்று சொன்னார்கள். எல்லோரும் அதையே சொல்வதால் இப்போது எவனும் நம்புவதில்லை. உள்ளே புகுந்து தேடி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மாள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்தது எங்கள் வரிசை. உன் அயித்தானைக் கொண்டுபோனால் இந்த இருமலோடு அங்கே ஒரு மாசம் தாங்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் வழக்கம் உனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. கல்யாணப் பேச்சை எடுத்தாலும் இப்படித்தான்.

அன்னம்

*

சிரம்பான்
30-5-1943

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம். இங்கே சுகம். அயித்தானின் இருமலுக்கு ஆடாதோடை இலை பொன்னுதுரையிடம் கொடுத்திருக்கிறேன், கஷாயம் வைத்துக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இப்போதெல்லாம் பகலிலும் யோசிக்க நேரம் கிடைக்கிறது. மரவள்ளி போட்டிருக்கிறேன், மண் அணைத்துக்கொண்டே யோசிக்கலாம்.

குட்டிக்குப் பொய் வராது. ஆனால் விளையாட்டு வரும். கூழாங்கல்லைச் சர்க்கரை என்று வைத்துக் கடை நடத்துவாள் இல்லையா? அப்போது நீங்கள் அதைக் கல் என்றால் சண்டைக்கு வருவாள் இல்லையா? இந்த வயதில் விளையாட்டுச் சட்டம் சாமி போட்ட சட்டம். அதை மாற்றவும் விடமாட்டாள், மீறவும் மாட்டாள். ஆகவே பொய்யாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள், ஆட்டமாகச் சொல்லிக்கொடுங்கள். தொப்பி வைத்த ஆள் வாசலில் வந்தால் ஆட்டம் ஆரம்பம். அந்த ஆட்டத்தில் அம்மான் நான்தான் அப்பச்சி. பெயர் சொக்கப்பன். இருப்பது சிரம்பான். வேலை பள்ளிக்கூட வாத்தியார். இந்தியாவை அவள் கண்டாளா? என்னைக் கண்டிருக்கிறாள், என் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கண்ட ஆளைத்தான் அவளால் அப்பச்சியாக வைத்து விளையாட முடியும்.

வேலையில் இருக்கிற ஆள் என்றால் அவர்கள் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பரணை அண்ணாந்து பார்க்கமாட்டார்கள்.

படி பெரியவர்களுக்கும் உண்டு ஆச்சி. இது நானாக யோசித்தது. பதினைந்து வயதில் நான் யார் என்று குழம்புகிற படி. என் வயதில் ஒரு துணையோடு சேருகிற படி. அதற்கப்புறம் உங்கள் படி, இன்னொரு உயிரை ஆளாக்குகிறவர்களின் படி. அந்தப் படியில் நிற்கிறவர்களுக்குக் கோபம் ரொம்ப வரும் போலிருக்கிறது.

தங்கள் தம்பி,
சொக்கப்பன்

*

காஜா பெராங்
20-6-1943

தம்பி சொக்கப்பனுக்கு,

உடம்புகள் பரவாயில்லை. ஆடாதோடைக்கு இருமல் கேட்டது. படியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. முதலில் நீ உன் படியில் ஏறு. நாச்சியாபுரத்தார் வீட்டுப் பெண்ணை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

உன் ஆட்டத்தைத் தொடங்கினேன். பீவிக்கு அவள் வீட்டுக்காரரின் பழைய தொப்பியைப் போட்டு வாசலில் நிறுத்தினேன். இரண்டு நாளில் குட்டி பிடித்துக்கொண்டாள். தொப்பியைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு, "அப்பச்சி பேரு சொக்கப்பன். அப்பச்சி சிரம்பான்ல இருக்காக. வாத்தியாரு!" மாற்றிக் கேட்டாலும் மிரட்டிக் கேட்டாலும் அதேதான். பீவியே மலைத்துப் போனாள்.

நிம்மதியாயிற்று என்று நினைத்தால், இப்போது ஆட்டத்தை நிறுத்தமாட்டேன் என்கிறாள். சாயங்காலம் பரணிலிருந்து இறங்கிய உன் அயித்தான் அவளைத் தூக்கப் போனார்கள். "நீங்க அப்பச்சி இல்ல. அப்பச்சி சிரம்பான்ல இருக்காக. நீங்க பரண்கார மாமா" என்று ஓடி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பகலெல்லாம் பல்லி மாதிரி கிடந்துவிட்டு, பெற்ற பிள்ளையை ஒரு நாழிகை கொஞ்சலாம் என்று இறங்கி வருகிற மனுஷனுக்கு எப்படி இருக்கும்? "ஒங்க தம்பி புத்திசாலிதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் திரும்ப ஏறிவிட்டார்கள். எனக்கு உன்மேலும் கோபம், அவர்கள்மேலும் கோபம். அவள்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

இன்னொன்று. உன் பெயரை இப்படி வாசலில் வைத்து விளையாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தொப்பிக்காரர்கள் எழுதிக்கொண்டுபோய் அங்கே உன்னைத் தேடி வந்தால்? வாத்தியார்களை அவர்கள் தொடுவதில்லை என்று இங்கேயும் சொல்கிறார்கள். ஆனால் நீ உன் வாயால் எழுது. சுற்றி வளைக்காதே. பள்ளிக்கூடம் நடக்கிறதா? உனக்கு ஒன்றும் வராதே?

அன்னம்

*

சிரம்பான்
4-7-1943

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம். அனைவரும் நலமாக இருக்கச் சிரம்பான் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

வாத்தியாரை யார் தொடுவார்கள்? வீணாகக் கவலைப்படாதீர்கள். அயித்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆட்டம் தொப்பிக்காரர் முன்னால் மட்டும்தான், அவர் போனதும் முடிந்துவிடும் என்று ஒரு சட்டம் சேர்த்துவிடுங்கள். சட்டமென்றால் கேட்பாள். கீழே இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நாச்சியம்மைக்குச் சிரம்பானிலிருந்து அப்பச்சி எழுதுவது. நீ நன்றாக விளையாடுவதாகக் கேள்விப்பட்டேன். ஆத்தாவை ரொம்பக் கேள்வி கேட்காதே, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் கேள். சந்திரன் உன் பின்னால் வருவது மெய்தான். இங்கேயும் வந்து உன் சேட்டையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போகிறது. பரண்கார மாமா ரொம்ப நல்லவர். அவருக்குத் தினம் ஒரு முத்தம் கொடு, அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

சொக்கப்பன்

*

காஜா பெராங்
25-7-1943

என் தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். மூன்று பேரும் இருக்கிறோம். நேற்று வந்துவிட்டார்கள்.

வாளோடு ஒரு ஜப்பான்காரன், அவனுக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல நம் தமிழ் ஆள் ஒருவன். "ஏம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டான். உன் பெயரை என் புருஷன் பெயராக எப்படிச் சொல்வேன்? வழக்கப்படி குட்டியைப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டான். "நம்ம பொம்பளைங்க வாயிலேருந்து வராது. நீ சொல்லு பாப்பா." அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "அப்பச்சி பேரு சொக்கப்பன். அப்பச்சி சிரம்பான்ல இருக்காக. வாத்தியாரு!"

பெரியவள் நான் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். குழந்தை சொன்னதால் அப்படியே ஜப்பான்காரனிடம் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டான். இது நாங்கள் சொல்லிக்கொடுக்காத கேள்வி. இவள் கொஞ்சம் யோசித்து, "சந்திரன்கிட்ட சொல்லி அனுப்புவாக" என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஜப்பான்காரன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

அதோடு முடிந்தது என்று நினைக்காதே. அவர்கள் வாசல் படலைத் தாண்டியதும் தாண்டாததுமாக, நீ சேர்த்த சட்டம் இருக்கிறதே, அது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பரணைப் பார்த்து ஊரே கேட்கக் கத்தினாள்: "ஆட்டம் முடிஞ்சிருச்சு! எறங்கி வாங்க!"

தமிழ் ஆள் நின்று திரும்பினான். பக்கத்து வீட்டுப் படிக்கட்டிலிருந்து பீவி, "இந்தா எறங்கிட்டேன்டி, கத்தாதே!" என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திடுதிடுவென்று இறங்கி ஓடி வந்தாள். அவன் போய்விட்டான். பீவியும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதோம், சிரித்தோம், மறுபடி அழுதோம். குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை, தன் ஆட்டத்தை யாரும் பாராட்டவில்லை என்று கோபித்துக்கொண்டாள்.

உன் அயித்தான் பிழைத்தார்கள். உன் புத்தியால் பிழைத்தார்கள். உன்னை எவ்வளவோ திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். ஆனாலும் நீ என் வயிற்றில் பிறந்திருக்கவேண்டியவன்.

அன்னம்

*

சிரம்பான்
1-8-1943

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம்.

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் மருமகள் கெட்டிக்காரி. பீவி அம்மாளுக்கு என் சலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆட்டத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதைப் பற்றிப் பேசவேண்டாம், பாராட்டவும் வேண்டாம். அயித்தானை அப்பச்சி என்றே கூப்பிடப் பழக்குங்கள். நாலு வயதில் நடந்தது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நிற்பதில்லை, பேசாமல் விட்டால் மறந்துபோவாள். மறந்துபோகட்டும் ஆச்சி. அதுதான் அவளுக்கு நல்லது.

மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது. பொன்னுதுரையிடம் ஒரு சாக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இவ்வளவு எதற்கு?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்பக் கோபப்படாதீர்கள்.

சொக்கப்பன்

*

காஜா பெராங்
19-9-1943

சொக்கப்பனுக்கு ஆச்சி எழுதுவது. உடம்புக்கு என்ன?

இது மூன்றாவது கடிதம். முன்னால் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. பொன்னுதுரையைக் கேட்டால் வீடு பூட்டியிருக்கிறது என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார். கோபமா? நான் எதையாவது எழுதித் தொலைத்துவிட்டேனா? நாச்சியாபுரத்தார் பெண் பேச்சை இனி எடுக்கமாட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கேட்கமாட்டேன். "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை எழுது. அதற்குக்கூடவா உனக்குக் கை வராது?

அன்னம்

*

காஜா பெராங்
10-10-1943

தம்பி,

நீ இதைப் படிக்க இப்போது அங்கே இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீ வந்ததும் கையில் கொடுக்கச் சொல்லிப் பொன்னுதுரையிடம் கொடுத்துவைக்கிறேன்.

பொய்யா! இவ்வளவு பெரிய பொய்யனா நீ?

இன்றைக்குப் பொன்னுதுரையை வாசலிலேயே மறித்துக்கொண்டேன். சொல்லாமல் நகரவிடமாட்டேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "தங்கச்சி, அவற்ர பள்ளிக்கூடத்தை மாசியிலேயே பூட்டிப் போட்டாங்கள். பட்டாளம் வந்து இருந்திட்டுது. அவர் வேலையில்லாமல்தான் இருந்தவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

மாசியிலேயே! நான் முதல் கடிதம் எழுதும்போதே உனக்கு வேலை இல்லை. உன் அயித்தானைப் போலவே நீயும் ஒளிந்திருக்கவேண்டிய ஆள். அதைத் தெரிந்துகொண்டே உன் பெயரை என் குழந்தை வாயில் வைத்தாயே. நான் அத்தனை தரம் கேட்டேனே!

ஆவணியில் ஜப்பான்காரனின் ஆள் உன்னைத் தேடி வந்திருக்கிறான். காஜா பெராங்கில் பெண்டாட்டியும் நாச்சியம்மை என்று பிள்ளையும் இருக்கிற சொக்கப்பன் நீதானா என்று கேட்டிருக்கிறான். வாத்தியார் என்றது பொய், வேலையில்லாத ஆள் என்பது அங்கே வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பொன்னுதுரை அப்போது அங்கேயே உப்பு இறக்கிக்கொண்டிருந்தாராம். "இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், தங்கச்சி. கலியாணமே கட்டாத பொடியன். 'ஓம், என்ர பிள்ளைதான்' எண்டு சொல்லிப்போட்டு லாரியில ஏறினவர்."

நீ இல்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் திரும்ப இங்கே வந்திருப்பார்கள். அதற்காகத்தானே? எனக்குத் தெரியும். அதை நீ எழுதமாட்டாய் என்பதும் தெரியும்.

உன் அயித்தான் பரணிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். பட்டப்பகலில் இறங்கி வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "நான்தான்னு போய்ச் சொல்றேன், அவனை விட்டிருவான்" என்று வாசலில் இறங்கினார்கள். நான் தடுக்கவில்லை. கேள் தம்பி, நான் தடுக்கவில்லை. பொன்னுதுரைதான் கையைப் பிடித்தார். "அவரை ஏத்தின ரயில் எப்பவோ சயாம் போயிட்டுது. இப்ப நீங்களும் போனியள் எண்டால் ரெண்டு பேராப் போகும், அவ்வளவுதான்." உன் அயித்தான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் நான் கதவைச் சாத்தினேன்.

குட்டி எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து "ஏன்? ஏன் அழுறீக?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஒன்றுமில்லை என்றேன். நீ சொன்னபடி அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் நீ வா. வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்.

அன்னம்

*

காஜா பெராங்
18-11-1945

அன்புத் தம்பி சொக்கப்பனுக்கு ஆச்சி ஆசீர்வதித்து எழுதுவது.

எங்கே எப்படி இருக்கிறாய்? உடம்பில் காய்ச்சல் இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா? சயாமிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிறது என்கிறார்கள். இங்கே நாங்கள் சுகம். ஜப்பான்காரன் போய்விட்டான். உன் அயித்தான் பகலில் தெருவில் நடக்கிறார்கள், வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்கிறார்கள். திரும்பி வருகிறவர்களைச் சிரம்பான் ஸ்டேஷனில் இறக்குவதாகப் பொன்னுதுரை சொன்னார். ரயில் வரும்போதெல்லாம் போய்ப் பார்க்கிறார். இதை அவரிடம் கொடுத்திருக்கிறேன். நீ இறங்கினால் உன்னிடம், இல்லாவிட்டால் உன்னைப் பார்த்தேன் என்று சொல்கிற யாரிடமாவது. இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

குட்டிக்கு ஏழு வயது தொடங்கிவிட்டது. நீ சொன்ன தெளிவு வந்துவிட்டது. போன மாதம் கஞ்சியைத் தம்ளரில் ஊற்றினேன். "எதுல ஊத்தினாலும் அதே கஞ்சிதானே ஆத்தா" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். என் முகம் வாடியதைப் பார்த்திருக்கவேண்டும், "எனக்குப் போதும்" என்றாள். சந்திரன் யார் பின்னாலும் வருவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கேள்வியும் குறைந்துவிட்டது. ஏன் ஏன் என்று கேட்டபோது எரிச்சல் பட்டேன், இப்போது கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

நேற்று தலை வாரிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆத்தா, அம்மான் பேரை நான் சொன்னதுனாலதான் அம்மானைக் கூட்டிட்டுப் போனாகளா?"

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக இந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தவர் இல்லை. நாலு வயதில் நடந்தது நிற்பதில்லை என்று எழுதினாயே வாத்தியாரே, நின்றிருக்கிறது. உன் படிப்பில் இது ஒன்று தப்பு. இவ்வளவு நாளும் அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு விளையாடியிருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், எங்கள் நடுவில் தூங்கியிருக்கிறாள்.

"இல்லடி, யாரு சொன்னா? அம்மான் வேலைக்குப் போயிருக்காக. நீ அப்ப சின்னப் பிள்ளை, நீ ஒண்ணும் சொல்லல" என்றேன். திரும்பி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வெல்லத்தைத் தின்றுவிட்டு இல்லை என்றபோது அவள் முகத்தை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி. என் மனசுக்குள் இருப்பது முழுக்க அவளுக்குத் தெரிந்தது தம்பி. எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

அப்புறம் என் கையைத் தடவிக்கொடுத்து, "சரி ஆத்தா. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. சும்மா கேட்டேன்" என்றாள்.

கண் இமைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. எத்தனை அடி அடித்தும் வராத பொய், என் முகம் தாங்கவேண்டும் என்பதற்காக நேற்று வந்துவிட்டது. மறுபடி திரும்பி உட்கார்ந்து, வாரிவிடுங்கள் என்று தலையைக் கொடுத்தாள். நான் பின்னிவிட்டேன். வேறென்ன செய்வேன்?

நான் இனி அவளிடம் என்ன சொன்னாலும் சரி ஆத்தா என்றுதான் சொல்வாள். உன் தப்பு இல்லை என்று அவளிடம் சொல்ல உன்னால்தான் முடியும், உன் வாயிலிருந்து வந்தால்தான் நம்புவாள். எழுந்து நடக்க முடிந்தால் உடனே கிளம்பி வா. முடியாவிட்டால் எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு வரி எழுது, நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். இந்தத் தடவையாவது கேட்டதற்குப் பதில் எழுது, சொக்கப்பா.

உன் ஆச்சி,
அன்னம்